உடுவிலில் விழுந்து கிடந்த கம்பி

காலை ஆறு இருபதுக்கு உடுவிலில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது முதலில் கண்டது ஒரு கம்பி. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத கறுப்புக் கம்பி, ஒழுங்கை என்று இங்கே சொல்லும் சந்தின் செம்மண்ணில் நீளமாகக் கிடந்தது. ஒரு கோழி அதைத் தாண்டிப் போனது. ஆட்டோக்காரர் அதன் மேலேயே வண்டியைத் திருப்பினார். முந்தைய வாரத்துக் காற்றில் சாய்ந்த தென்னை ஒன்று இழுத்துப் போட்ட கம்பி அது. நான் தங்கப்போகும் வீட்டின் இணையம் அதற்குள்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் எனக்கு வேலை பழைய செய்தித்தாள்களோடு. ஒருவர் வீட்டில் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தவற்றைப் படம் எடுத்து, அன்றன்று மாலையே மதுரைக்கு அனுப்ப வேண்டும். இணையம் நன்றாக இருக்கும் வீடு என்று சொல்லித்தான் இந்த அறையைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்காரர் யோகேஸ்வரி அம்மா. அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. வெங்காயத் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். வந்த உடனே இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் இனிக்கும். இங்கே அதில் பச்சை மிளகாய் மிதக்கிறது, எலுமிச்சை புளிக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே ரவுட்டரைத் தேடினேன். குளிர்சாதனப் பெட்டியின் மேல் வெள்ளை நூலில் பின்னிய உறைக்குள் இருந்தது. தொலைக்காட்சிக்கும் அதே பின்னலில் ஓர் உறை இருந்தது. தூசி படக்கூடாதாம். உறையை எடுத்துப் பார்த்தேன். மூன்று விளக்குகளில் ஒன்று சிவப்பு.

கம்பி பழுது பார்ப்பவரின் பெயர் கிருபன். நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளி. எண்ணை வாங்கி நானே பேசினேன். வீட்டைச் சொன்னேன், ஓம் என்றார். கம்பி விழுந்து கிடக்கிறது என்றேன், ஓம் என்றார். மதியத்துக்குள் வந்துவிடுவீர்களா, எனக்கு மாலையில் வேலை இருக்கிறது என்றேன். அதற்கும் ஓம். நன்றி சொல்லி வைத்தேன். மாலை வரை விறாந்தையில் உட்கார்ந்து ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. யோகேஸ்வரி அம்மாவிடம் குறைப்பட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தார்.

“அது கேக்கிறன் எண்ட ஓம், பிள்ளை. வாறன் எண்டு அவன் சொன்னவனே?”

சொல்லவில்லைதான். மதுரையில் நாங்கள் தொலைபேசியில் ‘ம்’ கொட்டுகிற இடத்தில் இவர்கள் ‘ஓம்’ என்கிறார்கள். சம்மதத்துக்கும் அதே சொல். எது எந்த ஓம் என்பது ஊர்க்காரர் காதுக்குத் தெரிகிறது. மறுநாள் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் கைபேசியில் யாருடனோ கதைத்தார். மருதனார்மடம் தொடங்கி இணுவில் தாண்டும் வரை அவர் சொன்னது ஓம் ஒன்றுதான். ஏறி, இறங்கி, இழுத்து, வெட்டி, பல விதமான ஓம். பேசி முடித்துப் பக்கத்தில் இருந்தவரிடம், “காசு கேக்கிறான், நான் ஓம் எண்டு சொல்லேல்லை” என்றார்.

அந்தப் பயணம் நகரத்தில் ஒரு சிம் ரவுட்டர் வாங்குவதற்காக. கம்பி தேவையில்லை, கைபேசிக் கோபுரத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். கொக்குவிலில் பேருந்து நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கி டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பேருந்தில் ஏறச் சொன்னார். அது ஏற்கெனவே நிறைந்து வந்தது. கொழும்புப் பக்கத்திலிருந்து சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று சிங்களத்தில் எதையோ கேட்க, நடத்துநர் பொறுமையாகப் பதில் சொன்னார். என்ன கேட்டார்கள் என்றேன். இதைவிட மெதுவாகப் போகும் பேருந்து இருக்கிறதா, பிள்ளைக்கு வாந்தி வருகிறது என்று கேட்டார்களாம்.

நகரத்திலிருந்து திரும்பியதும் ரவுட்டரை அறை அறையாகக் கொண்டு திரிந்தேன். சமையலறையில் ஒரு கோடு, முன்னறையில் இரண்டு. மேற்கு ஜன்னல் திட்டில் வைத்தால் மூன்று. கணினியில் பின்னால் தானாக ஓடும் புதுப்பிப்புகளை நிறுத்தினேன். என் கைபேசிப் படங்கள் எங்கோ ஏறிக்கொண்டிருந்தன, அதையும் நிறுத்தினேன். அதன் பிறகு செய்தித்தாள் படங்கள் நத்தை வேகத்தில் மதுரைக்குப் போகத் தொடங்கின. யோகேஸ்வரி அம்மா கதவருகில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலைப் பற்றிக் கேட்கிற குரலில் கேட்டார்.

“இதிலை வீடியோ நிக்குமோ, பிள்ளை? ஒரு மணித்தியாலம்?”

அப்போதுதான் மகனைப் பற்றிச் சொன்னார். சுகந்தன் ஐரோப்பாவில் ஒரு நாட்டில் அடைக்கலம் கேட்டிருக்கிறார். முதல் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீட்டில் தாயின் சாட்சியத்தைக் காணொளியில் கேட்க அனுமதி கிடைத்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை, இங்கே பிற்பகல் இரண்டரை மணிக்கு. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விவகாரம் ஓராண்டைப் பற்றியது. வெளிநாடு போகுமுன் இங்கே சுகந்தனை விசாரணைக்கென்று கூட்டிப்போய்ப் பல மாதங்கள் அடைத்து வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். அதற்குப் பின் ஏறக்குறைய ஓராண்டு அவர் ஊரில் இருந்தார். ஆபத்து இருந்தால் ஓராண்டு சொந்த வீட்டில் எப்படி இருந்திருப்பார் என்பது அந்த நாட்டு அதிகாரிகளின் கேள்வி. அவர் சொந்த வீட்டில் இருக்கவில்லை என்பது பதில். ஆட்கள் வந்து தேடிக்கொண்டே இருந்ததால் ஒரு நாளும் இங்கே படுக்கவில்லை. தோட்டத்து மோட்டார் கொட்டிலிலும் தெரிந்தவர் வீடுகளிலும் மாறி மாறிப் படுத்தார். எந்தெந்த வீடுகள் என்று முழுமையாகத் தெரிந்தவர் ஒருவர்தான். மகனுக்குச் சோறு கட்டிக்கொண்டு போன தாய்.

சுகந்தனின் வழக்கறிஞருடன் மறுநாள் பேசினேன். கரவெட்டியில் பிறந்து அந்த நாட்டில் குடியேறியவர். நிபந்தனைகளைச் சொன்னார். சாட்சி அறையில் தனியாக இருக்க வேண்டும். இணைப்பைப் போட்டுக் கொடுக்க ஒருவர் வரலாம், தொடங்கியதும் வெளியே போய்விட வேண்டும். இணைப்பு அறுந்தால் மறுபடி வரலாம். மீண்டும் மீண்டும் அறுந்தால் சாட்சியம் இல்லாமலே தீர்ப்பாயம் மேலே போகும். சிம் ரவுட்டரை நம்ப வேண்டாம், கம்பி உள்ள இடமாகப் பாருங்கள் என்றார்.

நகரத்தில் ஒரு கடையில் கண்ணாடிக் கம்பி இணைப்போடு அறை இருந்தது. தடுப்பு பிளைவுட். பக்கத்து அறையில் பள்ளிக்கூடப் பையன்கள் கணினி விளையாட்டில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் யோகேஸ்வரி அம்மாவின் தோள் அசைந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

மானிப்பாயில் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை வீடு இருக்கிறது, நல்ல இணைப்பு என்றார். வெள்ளிக்கிழமை மாலை ஆட்டோவில் போனோம். பாதி வழியில் ஆட்டோ பஞ்சர். ஓட்டுநர் சக்கரம் மாற்றும்வரை புகையிலைத் தோட்டம் ஒன்றின் வேலியோரம் நின்றோம். என் மடிக்கணினிப் பையை அவர் கைக்குழந்தை போலத் தூக்கி வைத்துக்கொண்டார். கீழே வைக்கச் சொன்னால் செம்மண் என்றார்.

தங்கை பிளேன்ரீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். அவர் கணவர் அரசாங்க உத்தியோகத்தர். சாய்மனைக் கதிரையில் இருந்து என் ஊரைப் பற்றி, மதுரை மல்லிகையைப் பற்றி விசாரித்தார். யோகேஸ்வரி அம்மா விஷயத்தைச் சொன்னதும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இங்கையும் லைன் இல்லை, மச்சாள்” என்றார் பிறகு. “காத்துக்குப் பிறகு வேலை செய்யேல்லை.”

அவர் தலைக்கு மேலே தட்டில் ரவுட்டர் இருந்தது. மூன்று விளக்குகளும் பச்சை. யோகேஸ்வரி அம்மாவும் அதைப் பார்த்தார். தேநீரை முழுவதும் குடித்தார், பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொண்டார், தங்கையின் பேரப்பிள்ளைகளை விசாரித்தார். திரும்பும்போது ஆட்டோவில் அவர் சொன்னது ஒன்றுதான். அந்த மனிதருக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதாம்.

சனிக்கிழமை கிருபன் வந்தார். மெலிந்த ஆள், மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏணி. யோகேஸ்வரி அம்மா விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு வரவேற்றார்.

“உன்ரை கலியாணத்துக்கும் இப்பிடித்தான் பிந்தி வந்தனியோ, தம்பி?”

“அதுக்கு நேரத்தோடை போனது பிழையாப் போச்சு, அன்ரி” என்றார் கிருபன், கம்பியைக் கையில் எடுத்தபடி.

கம்பி மூன்று இடத்தில் நசுங்கியிருந்தது. ஒட்டினால் நிற்காது, புதிதாக இழுக்க வேண்டும். அந்த நீளத்துக்கு அவரிடம் கம்பி இல்லை. புதுச் சுருள் கொழும்பிலிருந்து வர வேண்டும். காற்றுக்குப் பிறகு வலிகாமம் பகுதி முழுக்க இதே கதை. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சிங்களத்தில் பேசினார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. வைத்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார். கொழும்பில் கணினியில் பார்த்தார்களாம், எங்கள் இணைப்பு நன்றாக இருப்பதாகத்தான் காட்டுகிறதாம். புகார் முன்னமே தீர்ந்துவிட்டதாகப் பதிவாம். சொல்லும்போது அறுந்த முனை அவர் கையில் இருந்தது.

வியாழக்கிழமைக்கு முன் முடியுமா என்று யோகேஸ்வரி அம்மா கேட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. கிருபன் சுருள் வந்தால் முதல் வேலை இதுதான் என்றார். வாறன் என்று சொல்லவில்லை என்பதை இந்த முறை நானே கவனித்தேன்.

ஆக, சிம் ரவுட்டர்தான். மேற்கு ஜன்னல் திட்டில் அதை நாடாவால் ஒட்டினேன். மடிக்கணினிக்கு வைஃபை வேண்டாமென்று நேரே வயர் போட்டேன். கரண்ட் போனால் தாக்குப்பிடிக்க மின்கலப் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மாற்று ஏற்பாடாக என் கைபேசியில் வேறு நிறுவனத்தின் சிம் தயாராக இருந்தது. ஞாயிறும் திங்களும் செவ்வாயும் அதே நேரத்தில், பிற்பகல் இரண்டரைக்கு, வழக்கறிஞரோடு ஒத்திகை பார்த்தோம். படம் அறுபடாமல் வந்தது. குரல் இரண்டு நொடி பிந்தி வந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. பிந்தினாலும் வெட்டாமல் வருகிறதே என்று நான் திருப்திப்பட்டேன். வழக்கறிஞர் கேள்விகளைக் கேட்டார், யோகேஸ்வரி அம்மா ஓம் போட்டுக் கேட்டுப் பதில் சொன்னார். அவர் பதில் சொல்லும்போது வழக்கறிஞரும் ஓம் போட்டார். அந்த ஒலி எனக்கும் பழகிவிட்டிருந்தது. முதல் நாளைப் போல அதைத் தனியாகக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை யோகேஸ்வரி அம்மா காலையில் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, சாம்பல் நிறச் சேலை உடுத்தியிருந்தார். சாப்பிடவில்லை. ரவுட்டருக்குப் பழைய பின்னல் உறையைப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், சூடாகும் என்றேன். உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

இரண்டரைக்குத் திரையில் ஓர் அறை தெரிந்தது. வெளிர் மரச் சுவர், நீளமான மேசை, மூன்று முகம். ஓரத்தில் சுகந்தன். தாய் அவரைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை, தலையை அசைத்தார். மொழிபெயர்ப்பாளர் வணக்கம் சொன்னார். குரல் என் ஊர்ப்பக்கத்துக் குரல். என்னை வெளியேறச் சொன்னார்கள். கதவைச் சாத்திவிட்டு விறாந்தையில் போய் உட்கார்ந்தேன்.

தாயின் காதில் இயர்போன் இருந்ததால் எனக்குக் கேள்விகள் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக அவர் குரல் மட்டும் வந்தது. பெயர், வயது, ஊர். பிறகு மகனைக் கூட்டிப்போன நாள். நிதானமாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. மின்கலப் பெட்டி கீச்சென்று ஒரு சத்தம் போட்டு வேலையைத் தொடங்கியது. நாங்கள் ஏற்பாடு செய்தபடியே எல்லாம் நடந்தது.

ஏற்பாடு செய்யாத ஒன்று இருந்தது. கரண்ட் போனால் ஊரில் எல்லா வீட்டு வைஃபையும் சாகும். எல்லாரும் ஒரே நேரத்தில் கைபேசி டேட்டாவுக்கு மாறுவார்கள். கோபுரம் ஒன்றுதான்.

ஜன்னலுக்குள்ளிருந்து, “ஓம்” என்று கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு “ஓம்.” பிறகு அவர் பேசத் தொடங்கினார்.

“இல்லை ஐயா, அவன் வீட்டிலை ஒருநாளும் படுக்கேல்லை. வெளியிலைதான் படுத்தவன். நான்தான் சோறு கட்டிக்கொண்டு போறனான். ஒருக்கால் மோட்டார் கொட்டில், ஒருக்கால் சிநேகிதப் பெடியன்ரை வீடு. ஆக்கள் வந்து கேட்டா, தெரியாது எண்டு சொல்லுவன்.”

இன்னும் சொன்னார். கோயிலுக்குப் போவதுபோல அர்ச்சனைத் தட்டுக்கடியில் சோற்றுப் பார்சலை மறைத்துக்கொண்டு போனதை, ஒரு நாள் மழையில் அது நனைந்து மகன் பட்டினியாகப் படுத்ததை. எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை என்று கணக்காகச் சொன்னார். இவ்வளவு தெளிவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. முடித்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு கூப்பிட்டார்.

“பிள்ளை, அவை அசையாமல் நிக்கினம்.”

உள்ளே ஓடினேன். திரையில் மூன்று முகமும் உறைந்திருந்தன. நடுவிலிருந்தவர் பேனாவைத் தூக்கியபடி நின்றுபோயிருந்தார். கைபேசியின் சிம்மில் இணைத்தேன். திரும்பவும் அறை வந்தது, அதே மேசை, அதே முகங்கள். குரல் கேட்கிறதா என்றார் மொழிபெயர்ப்பாளர், கேட்கிறது என்றோம். நான் வெளியேறும்போது அடுத்த கேள்வி தொடங்கியிருந்தது.

முடிந்து வெளியே வந்தவரின் முகம் தெளிந்திருந்தது. எல்லாம் சொல்லிப்போட்டன், ஒண்டும் விடேல்லை என்றார். அன்று பகலும் மாலையும் சேர்த்து ஒரேயடியாகச் சாப்பிட்டார், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். எனக்கும் அள்ளி வைத்தார். திங்கட்கிழமை கிருபன் சுருளோடு வந்து கம்பியை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்.

தீர்ப்பு வர வாரங்கள் பிடித்தன. என் வேலையும் முடியும் நிலைக்கு வந்திருந்தது. ஒரு பிற்பகல் சுகந்தன் அழைத்தார். தாய் முன்னறையில் கைபேசியை நிமிர்த்தி வைத்துப் பேசினார். நான் மேசையில் படங்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். படம் துல்லியமாக இருந்தது, குரல் பிந்தவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி என்றார். தாய் மெல்ல ஓம் என்றார். வழக்கறிஞர் தீர்ப்பை வாசித்துக் காட்டினாராம்.

“அம்மா, விட்ட பிறகு மகன் உங்களோடை வீட்டிலை பிரச்சினை இல்லாமல் இருந்தவரோ எண்டு கேட்டவை.”

“ஓம்.”

“அதுக்கு நீங்கள் ஓம் எண்டு சொன்னதெண்டு எழுதியிருக்கினம்.”

தாய் நான் இருந்த பக்கம் திரும்பினார். அவர் சொன்ன மிச்சத்தைக் கேட்ட ஆள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். அன்று மாலையே வழக்கறிஞரை அழைத்து, ஜன்னல் வழியாக நான் கேட்டதைச் சொன்னேன். எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும் தயார் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சாட்சி அறையில் தனியாக இருந்தார் என்பது பதிவில் இருக்கிறது, வெளியே நின்றவர் கேட்டதைத் தீர்ப்பாயம் எடுக்காது என்றார். தாயின் ‘இல்லை’ அங்கே போய்ச் சேரவே இல்லையாம். பதிவில் ஓம் வரைக்கும் இருக்கிறது, அதன் பிறகு வெறும் இரைச்சல். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைச் சொல்லி முடித்த அதே கணத்தில் அந்த ஓம் வந்து விழுந்திருக்கிறது. வேறொரு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றார். என்ன வழி என்று சொல்லவில்லை.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாளும் சுகந்தன் அழைத்தார். திருப்பி அனுப்பும் தேதியைக் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த விமானம், எத்தனை மணிக்குக் கட்டுநாயக்கா, எதையெல்லாம் கொண்டுவர முடியாது. யோகேஸ்வரி அம்மா கைபேசியைக் காதோடு சேர்த்து வைத்து, மற்றக் கையால் சேலை முந்தானையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். உதடு பூட்டியிருந்தது. ஓம் வரவில்லை.

மறுமுனையில் பேச்சு நின்றது. மேசையிலிருந்த எனக்கே கேட்கும்படி சுகந்தனின் குரல் உயர்ந்தது.

“அம்மா? அம்மா, லைனிலை நிக்கிறீங்களோ? கட்டாச்சோ?”

குளிர்சாதனப் பெட்டியின் மேல் ரவுட்டர் உறையில்லாமல் இருந்தது. மூன்று விளக்குகளும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.